இரண்டு கருப்பு

முதலில் தெரிந்தது மரத்தில் இல்லை,
கொடியில் காய்ந்த அவர் வெள்ளைச் சட்டையில்.
ஆம்பூர் ஷூ கம்பெனி கேட்டில்
செக்யூரிட்டிக்குப் போட்டுப்போகும் சட்டை.
தோள்பட்டையில் பிசுக்கு,
பிசுக்கின் மேல் புள்ளி புள்ளியாய்க் கரி.
"எந்த அடுப்பாண்ட காயவெச்ச?" என்றார்.
எங்கள் வீட்டில் கேஸ் வந்து பதினோரு வருஷம்.

அண்ணாந்து பார்த்தேன்.
அடிமட்டைகள் எல்லாம்
டீசல் என்ஜின் துடைத்த துணி மாதிரி.
ஒன்றை இழுத்துத் திருப்பினால்
பின்பக்கம் வேறு ஊர்:
வெள்ளை மெழுகில் சுற்றுச் சுற்றாய்
யாரோ நிதானமாய்ப் பிழிந்த முறுக்கு.
ஊதினேன்.
சலித்த மாவு போல ஒரு கூட்டம் எழுந்து
பக்கத்து மட்டையில் போய் உட்கார்ந்தது.

குடியாத்தம் வேளாண் ஆபீஸிலிருந்து
ஸ்கூட்டியில் வந்த பிரிசில்லா
பெயர் சொன்னாள்: சுருள் வெள்ளை ஈ.
கடல் தாண்டி வந்ததாம், பாஸ்போர்ட் இல்லாமல்.
சாறு குடிக்கும், இனிப்பாய்க் கழியும்,
அந்த இனிப்பில் கரும்பூசணம் பிடிக்கும்.
"பூசணம் மரத்தைத் தின்னலக்கா,
மரத்தோட வெயிலைத் தின்னுது."
மருந்து? என்றேன்.
மைதா என்றாள்.

லிட்டருக்கு இருபத்தைந்து கிராம்.
முப்பத்தெட்டு மரத்துக்குக் கணக்குப் போட்டு
மளிகையில் கேட்டால்
ஜபருல்லா பாய் கண்ணாடியை இறக்கிப் பார்க்கிறார்:
"வீட்ல விசேஷமா?"
மரத்துக்குக் கஞ்சி பாய்.
அண்டாவில் காய்ச்சி ஆறவைத்து அடித்தோம்.
மூன்றாம் நாள் வெயிலில்
கருப்பு பொரிந்து தோலுரிந்து விழுந்தது,
காலடியில் நொறுங்கியது.
பச்சையைப் பார்த்து எத்தனை நாளாயிற்று.
பின்பக்கத்தில் மட்டும்
முறுக்கு பிழிவது நிற்கவில்லை.

அப்புறம் ஒருநாள் காகிதக் கவரில்
நறுக்கிய ஓலைத் துண்டுகளோடு வந்தாள்.
லென்ஸைக் கண்ணில் வைத்தாள்.
வெள்ளைக் குஞ்சுகளின் நடுவே சிலது கருத்திருந்தன.
"கருத்தது செத்தது. உள்ள குளவி இருக்கு.
முதுகுல வட்டமா ஓட்டை போட்டு வெளிய வரும்."
பையன் ஸ்கூல் பையிலிருந்து ஸ்டேப்ளர் எடுத்து
ஓலையோடு ஓலையை வைத்துத் தைத்தோம்.
"இனிமே விஷம் அடிக்காதீங்க,
ஈக்கு முன்னாடி குளவிதான் போகும்."

கருப்பென்றால் வயிறு கலங்கிக்கொண்டிருந்தவள்
அன்றிலிருந்து
கருப்பைத் தேடி மட்டை புரட்டுகிறேன்.

வரப்புக்கு அந்தப் பக்கம் கன்னியப்பன்.
முக்கால் சென்ட் தகராறு,
ஒன்பது வருஷ வாய்தா.
சர்வேயர் நட்ட கல்லை
ராத்திரியில் பிடுங்கியது யார் என்பதற்கு
இன்றுவரை சாட்சி இல்லை.
நான் சொல்லப்போவதும் இல்லை.

நேற்று அவர் மரத்து மட்டை ஒன்று
முறிந்து எங்கள் பக்கம் விழுந்தது.
வழக்கமாய்க் காலால் தள்ளிவிடுவேன்.
என்னவோ, குனிந்து திருப்பினேன்.
கருப்பு.
ஒன்று, நாலு, பதினேழு,
அதற்குமேல் எண்ண வரவில்லை.
முதுகில் ஊசிமுனை வட்டம் போட்டு
வெளியே போயிருந்தன பாதி.
நான் ஸ்டேப்ளர் அடிக்காத மரத்தில்
குடித்தனம் நடத்தின.

இன்று விடிகாலை அவர் பக்கம் டிராக்டர்.
நீல டிரம், நீளக் குழாய், வாடகை பம்பு.
மூடி திறந்ததும்
வரப்பைத் தாண்டி வந்தது அந்த நாற்றம்.

உதறிய சட்டை கையிலேயே இருந்தது.
வக்கீல் நோட்டீஸில் மட்டும் படித்த பெயரை
வாய்விட்டுக் கூப்பிட்டேன்:
கன்னியப்பண்ணா, நில்லு,
அடிக்காத,
என் குளவி உன் மரத்துல கீது,
என்னுதுன்னா,
உன்னுதும்தான்.

பம்பு மோட்டார் பிடித்துவிட்டது.
அவர் காதில் கையை வைத்து
என்ன என்று தலையை ஆட்டினார்.
மட்டையை இழுத்துக்கொண்டு
கல் இருந்த குழியைத் தாண்டினேன்.